கண்ணாடி அலுமாரியில் குழலுக்கு ஓர் இடம்

அன்று அந்தக் குழலின் வழியாக நான் கேட்டது யாருடைய இதயம்? றெஜினாவின் வயிற்றில் இருந்த குழந்தையினதா, றெஜினாவினதா, என்னுடையதா? அல்லது வேலிக்கு அப்பால் கிடந்த கடலின் சத்தத்தைத்தான் எண்ணிக்கொண்டு இருந்தேனா? ஐந்து வருடமாக இந்தக் கேள்வி என்னிடம் இருக்கிறது. பதில் இல்லை.

எங்கள் சுகாதாரக் கந்தோர் வெளியிடும் மலரின் இந்தப் பக்கத்தில் ஓய்வு பெற்றுப் போகிறவர்கள்தான் வழமையாகப் புதியவர்களுக்கு எழுதுவார்கள். எனக்கு முப்பத்துமூன்று வயது. கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் பார்க்கிற குடும்பநல உத்தியோகத்தராக, ஊர்ச் சொல்லில் 'மிஸ்' ஆக, ஒன்பது வருடம் இந்த மன்னார்த் தீவில் வீடு வீடாகப் போனேன். இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு கந்தோருக்குள் மாற்றம் கேட்டு வாங்கி, இப்போது கதிரையில் இருந்து மாத அறிக்கைகளைப் பார்க்கிறேன். களத்தைப் பொறுத்தவரை நானும் ஓய்வு பெற்றவள்தான். அந்த மாற்றத்தைக் கேட்டது சரியா என்பதும் எனக்கு இன்னும் தெரியாது. அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

அறிவுரை சொல்கிற தைரியம் எனக்கு இல்லை. ஆனாலும் எழுதவேண்டி வந்துவிட்டது. புதிதாக வந்தவர்களில் மூன்று பேர் போன மாதம் என்னோடு மருத்துவ நூதனசாலைக்கு வந்தீர்கள். அங்கே என்னைப் பற்றி ஒரு கதை கேட்டீர்கள். திரும்பி வரும்போது பேருந்தில் உங்களில் ஒருவர், "அக்கா, எங்களுக்கும் அந்தக் காது வரவேணும்" என்றார். நான் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு இருந்தேன். அந்தக் கதை பாதிதான் உண்மை. மற்றப் பாதியை அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

அன்று உங்களோடு வராதவர்களுக்காக அந்த இடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். பேசாலைக்குப் போகும் வழியில் கடற்கரைப் பக்கமாக உள்ளே திரும்பினால் ஒரு பழைய டிஸ்பென்சரிக் கட்டடம் வரும். மூன்று அறைகள், உயரமான யன்னல்கள், சுண்ணாம்புச் சுவர். பல வருடம் பூட்டிக் கிடந்ததை ஊரவர்கள் சிலர் சேர்ந்து துப்புரவாக்கி, தங்கள் வீடுகளிலும் பழைய பெட்டிகளிலும் கிடந்த மருத்துவச் சாமான்களை அடுக்கி, நூதனசாலை என்று பலகை போட்டிருக்கிறார்கள். திறந்து ஒரு வருடம் ஆகிவிட்டது. அதுவரை நான் அந்தப் பக்கம் போகவில்லை. அங்கே கதவு திறந்து, தூசி தட்டி, வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்லும் வேலை றெஜினாவுக்குக் கிடைத்திருந்தது. அதனால்தான் போகவில்லை.

மேலதிகாரி, புதியவர்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டு என்று சொன்னபோது தட்ட முடியவில்லை. அன்று பாலர் பாடசாலை விடுமுறை. கைக்குழந்தையை அம்மா பார்த்துக்கொண்டார், மூத்த மகளையும் அவரிடம் விட முடியவில்லை. கடமை நேரத்தில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகலாமா என்று மேலதிகாரியிடம் இரண்டு தரம் கேட்டேன். ஒரு தரம் கேட்டாலே போதும் என்றார்.

நாங்கள் போன அன்று தென்மேற்குக் கச்சான் காற்று நன்றாக வீசியது. முதல் அறையில் நாட்டு வைத்தியம் பார்த்த பரியாரிமாரின் சாமான்கள் இருந்தன. மருந்து அரைக்கிற கல்வம், குளிசை உருட்டுகிற பலகை, நூல் கட்டிய ஏடுகள். பேசாலைப் பக்கத்துப் பரியாரி ஒருவருடைய பெட்டியும் தாராபுரத்து யூனானி ஹக்கீம் ஒருவருடைய பெட்டியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. இரண்டிலும் ஒரே அளவான சிறு அறைகள். இரண்டிலும் ஒரே சுக்கு மணம். எத்தனையோ வருடத்துக்குப் பிறகும் மணம் போகவில்லை. மகள் குனிந்து மணந்து பார்த்துவிட்டுத் தும்மினாள். நீங்கள் சிரித்தீர்கள்.

இரண்டாவது அறைக்குள் காலை வைத்ததும் எனக்கு நேரம் மறந்துபோனது. மேற்கு யன்னலின் குறுக்கே தட்டுத் தட்டாகப் பலகை அடித்து மருந்துப் போத்தல்களை அடுக்கியிருந்தார்கள். நீலம், பச்சை, மண்ணிறம். வெயில் அவற்றுக்குள்ளால் வந்து நிலமெல்லாம் தண்ணீர்போல அசைந்தது. மகளின் வெள்ளைச் சட்டை ஒரு நேரம் நீலமாகவும் ஒரு நேரம் பச்சையாகவும் இருந்தது. காற்று அடிக்கும்போது மூடியில்லாத போத்தல்கள் எல்லாம் மெல்ல ஊதின. பெரிய போத்தல் கீழ்க்குரலிலும் சின்னது மேற்குரலிலும். அந்தச் சத்தத்தைக் கேட்டபடி நின்றபோது, எத்தனை பேர் இந்தப் போத்தல்களை மடியில் வைத்துக்கொண்டு மாட்டு வண்டியில் போயிருப்பார்கள், எத்தனை தாய்மார் காய்ச்சல்காரப் பிள்ளையின் வாய்க்குள் இதில் ஒரு மிடறு ஊற்றிவிட்டு விடியும்வரை இருந்திருப்பார்கள் என்று யோசித்தேன். அவர்கள் எல்லாரும் இந்த அறைக்குள் நின்று மூச்சு விடுவதுபோல இருந்தது. றெஜினா என் தோளைத் தொட்டபோதுதான் திரும்பினேன்.

"மிஸ், கச்சான் முடியிற வரைக்கும் இதுகள் இப்பிடித்தான் பாடும். நான் காலமை வந்து கதவைத் திறந்தா, ஆரோ உள்ளுக்க இருக்கினம் எண்டு நினைப்பன்" என்றார்.

அவர் மாறவில்லை. இடுப்பில் சாவிக்கொத்து மட்டும் புதிது. அவருடைய மகள் டிலானியும் வந்திருந்தாள். என் மகளைவிட இரண்டு மாதம் மூத்தவள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு கையைப் பிடித்துக்கொண்டு நீல வெளிச்சத்தின்மேல் குதிக்கத் தொடங்கினார்கள்.

மூன்றாவது அறை பிள்ளைப்பேற்று அறை. இரும்புக் கட்டில், வெள்ளைப் பூச்சு உரிந்த பேசின்கள், குழந்தையைத் துணியில் தூக்கி நிறுக்கிற தராசு. நடுவில் ஒரு கண்ணாடி அலுமாரி. அதில் பழைய கத்தரிக்கோல்கள், நாடாக்கள், ஒரு கைமணி. நடுத்தட்டில் ஒரு இடம் வெறுமையாக இருந்தது. சிவப்புத் துணி மட்டும் விரித்து, அதன் முன்னால் ஒரு விளக்கச் சீட்டு. றெஜினாவின் வட்டமான எழுத்து: 'பேசாலைப் பக்கத்தில் ஒரு குழந்தைக்கு வந்த ஆபத்தைக் கேட்டுச் சொன்ன குழல்.'

நீங்கள் மூவரும் அதைப் படித்துவிட்டு, குழல் எங்கே என்று கேட்டீர்கள். றெஜினா என்னைக் காட்டினார். அது மிஸ்ஸின் கைப்பையில் இருக்கிறது, ஒருநாளைக்குத் தருவா என்றார். அதன் பிறகு கதையைச் சொன்னார். வருகிற எல்லாருக்கும் சொல்லிச் சொல்லி அது நன்றாக வழவழப்பாகி இருந்தது. மிஸ் வந்தா, குழலை வைச்சா, பிள்ளைக்கு ஏலாமல் கிடக்கு எண்டு உடனே கண்டுபிடிச்சா, மீன் லொறியை மறிச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனா. ஒரு மணித்தியாலம் பிந்தியிருந்தா இந்தப் பிள்ளை இல்லை. இதைச் சொல்லிவிட்டு டிலானியின் தலையில் கை வைத்தார்.

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்குத்தான் இன்று மன்னிப்புக் கேட்கிறேன்.

நடந்தது இதுதான்.

ஐந்து வருடத்துக்கு முன்னால், இதே கச்சான் காலம். நான் முதற் பிள்ளைக்கு ஏழு மாதம். என் பகுதியில் இருந்த, வயிற்றுப் பிள்ளையின் துடிப்பைக் கேட்கிற டொப்ளர் கருவி திருத்தப் போயிருந்தது. கையில் இருந்தது குழல்தான். பயிற்சிக் காலத்தில் நானே வாங்கிய அலுமினியக் குழல். ஒரு சாணுக்கும் குறைவு. அகன்ற வாயைத் தாயின் வயிற்றில் வைத்து, மற்ற முனையில் காதை வைத்துக் கேட்கவேண்டும். கேட்கும்போது ஒரு கை தாயின் மணிக்கட்டில் இருக்கவேண்டும். காதில் விழுவது தாயின் நாடி அல்ல என்று நிச்சயப்படுத்திக்கொள்ள அதுதான் வழி. இதை உங்களுக்கும் சொல்லித் தந்திருப்பார்கள். எனக்கும் சொல்லித் தந்தார்கள்.

அன்று விடிந்ததில் இருந்து என் வயிற்றில் இருந்த பிள்ளை அசையவில்லை என்று எனக்கு ஒரு எண்ணம். அசைந்ததா, நான் கவனிக்கவில்லையா, அதுவும் தெரியவில்லை. எத்தனையோ தாய்மாருக்கு எண்ணிப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தவளுக்குத் தன் பிள்ளையை எண்ணத் தெரியவில்லை. லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம். அந்த வாரம் பார்க்கவேண்டிய வீடுகள் மூன்று மிச்சம் இருந்தன. அதனால் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டேன். கடமை என்று நினைத்தேன். பயத்தை வீட்டில் இருந்து எதிர்கொள்ள முடியாமல் வெளிக்கிட்டேன் என்று இப்போது நினைக்கிறேன்.

மூன்றாவது வீடு றெஜினாவுடையது. கலியாணம் முடித்து நாலு வருடத்துக்குப் பிறகு வந்த முதற் பிள்ளை, நாள் கிட்டியிருந்தது. புருசன் கடலுக்குப் போயிருந்தார். வீட்டில் அவரும் புருசனின் அக்காவும்தான். அந்த மச்சாளை நீங்கள் சந்திப்பீர்கள். நல்ல மனிசி, வாய் மட்டும் கொஞ்சம் கூட. முற்றத்தில் காயப்போட்ட மீன். ஓலை வேலி காற்றில் படபடத்துக்கொண்டு இருந்தது.

எல்லாம் பார்த்து முடிகிற நேரத்தில் றெஜினா, ஏதோ பெரிய விசயம் இல்லை என்பதுபோல, "இண்டைக்குப் பிள்ளை கொஞ்சம் அமைதியாக் கிடக்கு மிஸ்" என்றார்.

என் பிள்ளையும் அப்படித்தான் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. அவரைப் படுக்கச் சொல்லி, குழலை வைத்துக் காதைக் கொடுத்தேன். முதலில் காற்று. வேலி. அதற்குப் பின்னால் கடல், ஒரே இழுப்பாக. கண்ணை மூடினேன். எல்லாச் சத்தமும் மெல்ல மெல்லத் தூரப் போனதுபோல இருந்தது. தண்ணீருக்கு அடியில் இருந்து கேட்பதுபோல. அந்த ஆழத்தில் ஒரு துடிப்பு வந்தது. டக், டக், டக். சின்னதாக, வேகமாக, எனக்கு வேண்டிய மாதிரியே வந்தது. பதினைந்து வினாடிக்கு முப்பத்துமூன்று எண்ணினேன். நாலால் பெருக்கினால் நூற்று முப்பத்திரண்டு. முழு நிமிடம் எண்ணவேண்டும். எண்ணவில்லை. கிடைத்த நிம்மதியை நீட்டிப் பார்க்கப் பயமாக இருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

றெஜினாவின் கர்ப்பிணி அட்டையில் நூற்று முப்பத்திரண்டு என்று எழுதினேன். பிள்ளை நல்லாயிருக்கு, சாப்பிட்ட பிறகு அசைவை எண்ணுங்கோ, குறைந்தால் உடனே அறிவியுங்கோ என்று சொன்னேன். மச்சாள் சிலுவை போட்டுக்கொண்டார். நான் வெளிக்கிட்டேன்.

பிரதான வீதிக்கு ஏறுகிற இடத்தில் நாலு கழுதைகள் குறுக்கே நின்றன. மன்னாரில் வேலை செய்யப்போகிற உங்களுக்கு இது இனிப் பழகிவிடும். ஹோன் அடித்தால் அவை நகராது. காதை மட்டும் ஆட்டும். ஸ்கூட்டியை நிறுத்திக் காலை ஊன்றிக்கொண்டு நின்றேன். அப்போது என் பிள்ளை உதைத்தது. நல்ல பலமான உதை. என் கையிலேயே பட்டது.

கையில் பட்டது என்றால், கை வயிற்றில் இருந்திருக்கிறது. அதை நான் அங்கே கொண்டுபோய் வைத்ததே எனக்குத் தெரியாது. அன்று முழுக்க, ஓடுகிற நேரம் தவிர, என் இடது கை அங்கேதான் இருந்திருக்கிறது. அந்த உதை தந்த ஆறுதலில் தலை தெளிந்ததும் கேள்வி வந்தது: றெஜினாவின் வயிற்றில் குழலை வைத்துக் கேட்டபோது என் இடது கை எங்கே இருந்தது?

அவருடைய மணிக்கட்டில் அந்தக் கையை வைத்த நினைவு எனக்கு இல்லை. எவ்வளவு யோசித்தும் இல்லை. வெயிலில் வந்து, பயத்தோடு குனிந்து இருந்த ஏழு மாதக்காரியின் நாடி அந்த வேகத்துக்குப் போகக் கூடியதுதான். அப்படியென்றால் நான் எண்ணியது என் காதுக்குள் ஓடிய என் இரத்தத்தையாகவும் இருக்கலாம்.

கழுதைகள் நகர்ந்துவிட்டன. வழி திறந்து கிடந்தது. நேரே போனால் வீடு.

அந்த இடத்தில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. திரும்பிப் போனால் என்ன சொல்வது? இப்போதுதான் நல்லாயிருக்கு என்று சொல்லிவிட்டு வந்தேன். நாலு வருடம் காத்திருந்த பெண்ணிடம் போய், எனக்கு நிச்சயமில்லை என்று சொல்வதா? வீணாகப் பயப்படுத்தினால்? ஆஸ்பத்திரியில் எல்லாம் சரி என்று திருப்பி அனுப்பினால், அடுத்த முறை அந்த ஊரில் என் சொல்லை யார் எடுப்பார்கள்? என்னைப் பற்றித்தான் யோசித்தேன் என்பதை மறைக்கவில்லை. கடைசியில், இந்தச் சந்தேகத்தோடு வீட்டுக்குப் போய் என் பிள்ளையின் உதைகளை எண்ணிக்கொண்டு இருக்க ஏலாது என்று பட்டது. ஸ்கூட்டியைத் திருப்பினேன்.

றெஜினா வேலிப் படலையடியிலேயே நின்றார். அதை அப்போது நான் யோசிக்கவில்லை.

இரண்டாந்தரம் குழலை வைத்தேன். இந்த முறை என் விரல்கள் அவருடைய மணிக்கட்டில் இருந்தன. விரலில் ஒரு அடி, காதில் ஒரு அடி. இரண்டும் ஒன்றாகவே விழுந்தன. அது அவருடைய நாடி. அதற்குக் கீழே வேறொன்றைத் தேடினேன். காற்றுத்தான் இருந்தது. குழலை இடம் மாற்றி மாற்றி வைத்தேன். காற்று, கடல், அவருடைய நாடி.

கேட்காததால் இல்லை என்று ஆகாது; அந்தக் காற்றில் எதுவும் தவறிப்போகலாம். ஆனால் இருக்கிறது என்றும் என்னால் சொல்ல முடியாது. ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன்.

மச்சாள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார். "அரை மணித்தியாலத்துக்கு முன்னம் நல்லாயிருந்த பிள்ளைக்கு இப்ப என்ன வந்தது மிஸ்? நீங்களும் வயித்துப்பிள்ளைக்காரி, வெய்யிலில களைச்சுப்போனீங்கள். இருந்து ஒரு பிளேன்ரீ குடிச்சிட்டுப் போங்கோ. தம்பியும் கடலால வரட்டும்."

அவர் சொன்னதில் குத்தலும் இருந்தது, அன்பும் இருந்தது. கோபப்பட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"முன்னம் நான் பிழையாக் கேட்டிருக்கலாம். அதாலதான் திரும்பி வந்தனான்" என்றேன்.

அந்த வேலையில் ஒன்பது வருடத்தில் நான் சொன்ன மிகக் கஷ்டமான வசனம் அதுதான். மச்சாள் இடுப்பில் இருந்து கையை எடுத்தார். றெஜினா எழும்பிப்போய், பிள்ளைப்பேற்றுக்கு என்று முதலே கட்டி வைத்திருந்த பையைத் தூக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்றார்.

அம்புலன்ஸ் வேறிடத்துக்குப் போயிருந்தது. வர நேரம் எடுக்கும் என்றார்கள். ஐஸ் மீன் ஏற்றிக்கொண்டு நகரத்துக்குப் போன லொறியை மச்சாள்தான் வீதியில் நின்று மறித்தார். முன் ஆசனத்தில் நாங்கள் மூன்று பேரும் நெருக்கிக்கொண்டு இருந்தோம். பின்னால் இருந்து ஐஸ் தண்ணீர் வீதியெல்லாம் ஒழுகியது. வழி முழுக்க என் விரல்கள் றெஜினாவின் மணிக்கட்டிலேயே இருந்தன, இனி அதனால் ஒரு பிரயோசனமும் இல்லாதபோது.

ஆஸ்பத்திரியில் கருவியில் பார்த்தபோது பிள்ளையின் துடிப்பு இருந்தது. ஆனால் மிகவும் மெதுவாக இருந்தது. உடனே சத்திரசிகிச்சைக்குக் கொண்டுபோனார்கள். கழுத்தில் கொடி இரண்டு சுற்று. டிலானி பிறந்து, சிறிது நேரம் யோசித்துவிட்டு அழுதாள்.

அடுத்த நாள் என் மேற்பார்வை மிஸ் அட்டையைக் கேட்டு வாங்கினார். அவருக்கு முன்னால் நான் உடைந்துபோனேன். நூற்று முப்பத்திரண்டை வெட்டிவிட்டு 'தெளிவில்லை' என்று எழுதட்டுமா என்று கேட்டேன். அவர் என்னைத் திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை. எழுதினதை வெட்டவேண்டாம், கீழே திரும்பிப் போன நேரத்தை எழுது என்று சொல்லிவிட்டுப் பேனையைத் தந்தார். எழுதினேன். அந்த இரண்டு வரிகளுக்கு இடையில் முப்பது நிமிடம் இருக்கிறது.

அந்த முப்பது நிமிடத்தைப் பற்றித்தான் எனக்கு இன்னும் தெரியாது. முதலில் கேட்டபோது பிள்ளை நன்றாகவே இருந்து, பிறகு துடிப்புக் குறைந்ததா? அப்படியென்றால் என் காது பிழை விடவில்லை. கழுதைகள் மறித்தது அதிர்ஷ்டம். அல்லது நான் போனபோதே அது களைத்துக் கிடக்க, நான் என் இதயத்தையே எண்ணிவிட்டு நல்லம் என்று எழுதினேனா? அப்படியென்றால் அதற்கு முதல் நாலு வருடமாக எத்தனை வீடுகளில் எத்தனை பேருக்கு நல்லம் என்று சொன்னேன்? மகள் பிறந்த பிறகு அவளுடைய நெஞ்சில் காதை வைக்கும்போதெல்லாம் இதை நினைப்பேன். நெஞ்சை விட்டுக் காதை எடுக்க மனம் வராது.

இனி நூதனசாலைக்குத் திரும்புகிறேன். கதை முடிந்த பிறகு நீங்கள் மூவரும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாசலில் ஐஸ்பழம் வாங்கப் போனீர்கள். அப்போதுதான் நான் றெஜினாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அலுமாரிக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அவருடைய முகத்தைப் பார்க்கத் துணிவு இல்லை. மணிக்கட்டில் கை வைக்காததைச் சொன்னேன். பதினைந்து வினாடியைச் சொன்னேன். கழுதைகளையும் சொன்னேன். போத்தல்கள் பக்கத்து அறையில் ஊதிக்கொண்டே இருந்தன.

றெஜினா சேலைத் தலைப்பால் கண்ணாடியில் இருந்த ஒரு விரல் அடையாளத்தைத் துடைத்தார்.

"ஓம் மிஸ், அது எனக்கு அண்டைக்கே தெரியும்" என்றார். "நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டனீங்கள். நான் கண்ணைத் திறந்துகொண்டுதான் படுத்திருந்தன். உங்கட கை உங்கட வயித்தில கிடந்தது. பாவம், இவவுக்கும் ஏதோ பயம் எண்டு நினைச்சனான்."

அப்படியென்றால் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்கள் படிச்ச ஆள். நல்லாயிருக்கு எண்டு எழுதியும் போட்டீங்கள். அதுக்கு மேல நான் என்னத்தைச் சொல்லுறது? நீங்கள் போனாப் பிறகு படலையடியில போய் நிண்டனான். திரும்பி வரமாட்டாவோ எண்டு பாத்துக்கொண்டு நிண்டனான். உள்ளுக்க போகக் கால் வரேல்லை."

ஐந்து வருடமாக நான் என் காதைப் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டு இருந்தேன். அந்த வீட்டில் உண்மையை அறிந்த ஒருத்தி என் முன்னாலேயே கிடந்தாள். அவளிடம் ஒரு வார்த்தை நான் கேட்கவில்லை.

இது தெரிந்துகொண்டே ஏன் எல்லாருக்கும் அப்படிக் கதை சொல்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் முதன்முதலாகக் கொஞ்சம் கூச்சப்பட்டார்.

"வாறவை சாமானைப் பாக்கத்தானே மிஸ் வருகினம். குழலை உள்ளுக்க வைக்கலாம். நீங்கள் திரும்பி வந்ததை நான் எப்பிடிக் கண்ணாடிக்குள்ள வைக்கிறது?" என்றார். பிறகு யோசித்துவிட்டு, "கழுதையள் மறிச்சதெண்டால், அதுகளுக்கும் ஒரு கண்ணாடிப் பெட்டி செய்யவேணும்" என்றார்.

இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டு இருக்கும்போதே எனக்கு அழுகை வந்தது. அவர் என் கையைப் பிடித்தார். பிடித்தது மணிக்கட்டில். வேண்டுமென்று செய்தாரோ தெரியாது.

அப்போதுதான் பிள்ளைகள் ஐஸ்பழச் சாயம் பூசிய வாயோடு ஓடி வந்தார்கள். என் மகள் கைப்பைக்குள் கையை விட்டுக் குழலை எடுத்து, டிலானியின் வயிற்றில் வைத்துக் காதைக் கொடுத்தாள். என்ன கேட்குது என்று றெஜினா கேட்டார். மகள் மிகவும் கவனமாகக் கேட்டுவிட்டு, "காத்து" என்றாள். அது பொய்யில்லாத பதில். எனக்கு அந்தப் பதில் ஐந்து வருடத்துக்கு முன்னால் வந்திருந்தால் போதுமாக இருந்திருக்கும்.

குழலை நான் அங்கே வைத்துவிட்டு வரவில்லை. அந்தச் சீட்டின் முன்னால் அதை வைக்க எனக்கு மனம் வரவில்லை. றெஜினா சீட்டை வெளியே எடுத்து, பின்பக்கம் வெறுமையாக இருப்பதைக் காட்டி, அப்ப நீங்களே எழுதித் தாங்கோ மிஸ் என்று என் கையில் தந்துவிட்டார். இதை எழுதும்போது அது என் மேசையில் கிடக்கிறது.

உங்களுக்குச் சொல்ல எனக்கு இருப்பது கொஞ்சம்தான். மணிக்கட்டில் கை வையுங்கள், முழு நிமிடம் எண்ணுங்கள் என்பதெல்லாம் உங்கள் பாடக் கொப்பியில் இருக்கிறது. நல்லாயிருக்கு என்று சொன்ன பிறகு உடனே எழும்பிவிடாதீர்கள். குழலையோ கருவியையோ பைக்குள் வைத்துவிட்டு, படுத்திருக்கும் தாயின் முகத்தைப் பார்த்து, உங்களுக்கு என்ன தோன்றுகிறது, நான் சொன்னதை நம்புகிறீர்களா என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, அவர் வாய் திறக்கும்வரை இருங்கள். இதை நான் களத்தில் இருந்தபோது செய்ததில்லை. களத்தை விட்ட பிறகுதான் கற்றுக்கொண்டேன். அந்த வீடுகளுக்கு இனி நீங்கள்தான் போகப்போகிறீர்கள்.

உங்களிடம் ஒரு உதவி வேண்டும். அந்தச் சீட்டில் நான் மூன்று தரம் பென்சிலால் எழுதி அழித்துவிட்டேன். 'கருவில் இருக்கும் குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்கும் குழல்' என்றால் உண்மை, ஆனால் எதுவும் சொல்லவில்லை. 'ஒரு மருத்துவமாது பிழையாகக் கேட்ட குழல்' என்றால் அதுவும் எனக்கு நிச்சயமில்லை. நான் கேட்டது பிழை என்பதற்கும் சாட்சி இல்லையே. 'இதைக் கேட்டவர் திரும்பி வந்தார்' என்று எழுதினேன். வாசிக்கிறவர்களுக்கு ஒன்றும் விளங்காது என்று மகளின் தகப்பன் சொன்னார். குழலைக் கொடுக்கவே வேண்டாமோ, டொப்ளர் பழுதாகிற நாளில் உங்களில் ஒருவருக்கு அது தேவைப்படுமோ என்றும் யோசிக்கிறேன்.

சிவப்புத் துணி விரித்த இடம் அங்கே வெறுமையாகத்தான் இருக்கிறது. கச்சான் முடிவதற்குள் கொண்டுவந்து தருவதாக றெஜினாவுக்குச் சொல்லியிருக்கிறேன். குழலைக் கொடுப்பதா, கொடுத்தால் அதன் முன்னால் என்ன எழுதுவது? கந்தோருக்கு வரும்போது என் மேசையில் ஒரு துண்டில் எழுதி வைத்துவிட்டுப் போங்கள். பெயர் எழுதத் தேவையில்லை. நிச்சயமில்லாமல் எழுதினாலும் பரவாயில்லை. அப்படி எழுதியதைத்தான் முதலில் படிப்பேன்.